லட்லோ, ஸ்கிப்டன், பேக்வெல்: இரண்டு நாளுக்கு எந்த ஊர்?

லண்டனில் இருப்பவர்களுக்கும், பிள்ளைகளைப் பார்க்க வந்து இங்கே சில மாதம் தங்குகிறவர்களுக்கும் ஒரு கட்டத்தில் அரண்மனை, மியூசியம், பாலம் எல்லாம் அலுத்துவிடும். "பழைய ஊராகப் பார்த்து எங்கேயாவது போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாமே" என்ற பேச்சு கிளம்பும். உடனே வாயில் வரும் பெயர்கள் பாத், யார்க், ஆக்ஸ்ஃபோர்ட். நல்ல ஊர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோடையில் போனால் லண்டன் கூட்டமே அங்கேயும் வந்து நிற்கும்.

அதைவிடச் சின்னதாக, இங்கிலாந்து முழுக்கச் சந்தை ஊர்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் வாரச்சந்தை கூட்டும் உரிமையை அரசர் சாசனம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி வாங்கிய ஊருக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்கள் எல்லாம் கம்பளியும் மாடும் வெண்ணெயும் கொண்டு வந்து விற்கும். ஊரில் பணம் சேரும், தேவாலயம் உயரும், கடைத்தெரு அகலும். இன்றைக்கும் அதே தெருவில் கடை போடுகிறார்கள். கடைசிக் கடையைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் ஆடு மேயும் புல்வெளி வந்துவிடும்.

அப்படிப்பட்ட மூன்று ஊர்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயரில் லட்லோ, வடக்கு யார்க்‌ஷயரில் ஸ்கிப்டன், டெர்பிஷயரில் பேக்வெல். மூன்றையும் இரண்டே நாளில் பார்க்க முடியாது, முயற்சியும் செய்யாதீர்கள். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். படங்களைப் பார்த்து முடிவு செய்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்: கல் பாலம், பூத்தொட்டி, கோட்டை. முடிவு செய்ய உதவும் கேள்விகள் வேறு. கார் இருக்கிறதா, யார் யார் வருகிறார்கள், எந்தக் கிழமை? எல்லாவற்றுக்கும் முன்னால் இன்னொன்று: ஊருக்காகப் போகிறீர்களா, ஊரைச் சுற்றி இருப்பதற்காகப் போகிறீர்களா?

ஊருக்காகத்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், லட்லோ. மூன்றில் அது ஒன்றுதான் ஊர் எல்லையைத் தாண்டாமலே இரண்டு நாளையும் நிரப்பும்.

டீம் ஆறு வளைந்து ஓடும் இடத்தில் மேட்டின் மேல் இருக்கிறது ஊர். மேட்டின் ஒரு முனையில் 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் நார்மன்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, கோட்டை வாசலிலேயே சந்தைத் திடல். அங்கிருந்து கீழே இறங்கும் பிராட் ஸ்ட்ரீட்டை நின்று பார்க்க வேண்டும். மேலே பட்டர்கிராஸ் கட்டடம், கீழே பழைய மதிலில் மிஞ்சி நிற்கும் பிராட் கேட், நடுவில் சரிவு முழுக்க செங்கல் வீடுகளும் மரச்சட்ட வீடுகளும் மாறி மாறி. கொஞ்சம் கவனித்தால் தெரியும், செங்கல் வீடுகளில் பலவும் முகப்பில் மட்டும்தான் செங்கல், உள்ளே பழைய மரச்சட்டம் அப்படியே இருக்கிறது. வேல்ஸையும் எல்லைப் பகுதிகளையும் ஆண்ட மன்றம் லட்லோவில்தான் இருந்தது. 1689இல் அதைக் கலைத்ததும் கோட்டை கூரையிழந்து பாழானது. ஊர் மட்டும் சாகவில்லை. சுற்றுவட்டாரப் பணக்காரர்கள் குளிர்காலத்தில் வந்து தங்கி விருந்து, நடனம் என்று பொழுதைக் கழிக்கும் இடமாக மாறியது. அவர்கள் காலத்து மோஸ்தர்தான் அந்தச் செங்கல் முகப்பு. அதற்கப்புறம் இடித்துக் கட்டும் அளவுக்குப் பெரிய தொழில் எதுவும் ஊருக்கு வரவில்லை. நமக்கு அதிர்ஷ்டம். பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் மட்டும் இன்று ஏறக்குறைய 500 இருக்கின்றன. ஃபெதர்ஸ் ஹோட்டலின் 1619ஆம் ஆண்டு மரவேலைப்பாட்டு முகப்பு அதில் பேர் பெற்றது.

கோட்டைக்கு இன்னொரு கதை உண்டு. ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர், 15 வயதில், கல்யாணமான சில மாதத்தில் 1502 ஏப்ரலில் இங்கே நோயில் விழுந்து இறந்துபோனான். பட்டம் தம்பிக்குப் போனது, அண்ணியையே தம்பி மணந்தான். அந்தத் தம்பிதான் எட்டாம் ஹென்றி, அந்த அண்ணிதான் அரகானின் கேத்தரின். பிறகு அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கேட்டு, ரோம் மறுத்து, இங்கிலாந்துத் திருச்சபையே தனியாகப் பிரிந்தது. ஆர்தர் பிழைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அந்தக் கோபுர நிழலில் நின்று யோசிக்காமல் இருக்க முடியாது.

ஆனால் லட்லோவில் எனக்குப் பிடித்தது கோட்டை இல்லை. செயிண்ட் லாரன்ஸ் தேவாலயத்தில் பாடகர் குழு இருக்கைகளுக்கு அடியில் இருக்கும் மரச்செதுக்கல்கள். இருக்கையைத் தூக்கி நிறுத்தினால் கீழே ஒரு சின்னத் தாங்கு பலகை இருக்கும். மணிக்கணக்கில் நின்று ஜெபம் சொல்லும்போது லேசாகச் சாய்ந்துகொள்வதற்காக வைத்தது. அப்படி 28 இருக்கின்றன. அதில் ஒன்றில் அளவு குறைத்து பீர் விற்ற ஒரு பெண்ணைப் பேய் தோளில் போட்டு நரகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறது. அவள் கையில் அந்தத் திருட்டு அளவுக் குவளை இன்னும் இருக்கிறது. ஒரு பேய் அவள் பாவப் பட்டியலை வாசிக்கிறது, இன்னொன்று பைக்குழல் ஊதுகிறது. சந்தை ஊர்க்காரர்களுக்கு எந்தப் பாவம் பெரிதாகப் பட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். தலையைக் குனிந்து பார்க்காவிட்டால் தவறிப்போகும்.

சாப்பாட்டுக்கும் லட்லோதான் முந்தும். 1995இல் தொடங்கிய உணவுத் திருவிழா ஒவ்வொரு செப்டம்பரிலும் கோட்டைக்குள் நடக்கிறது. இவ்வளவு சின்ன ஊரில் ஒரே சமயத்தில் மூன்று உணவகங்கள், சமையலுக்குக் கொடுக்கும் பெரிய மதிப்பான மிஷலின் நட்சத்திரம் வைத்திருந்த காலமும் உண்டு. இப்போதும் கசாப்புக் கடை, ரொட்டிக் கடை, சீஸ் கடை எல்லாம் குடும்பத் தொழிலாகவே நடக்கின்றன. சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இது மூன்று ஊருக்கும் பொருந்தும்: பழைய முறையில் செய்யும் சீஸ் சிலவற்றில் பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்ப்பார்கள். கடையில் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

சரி, சுற்றுப்புறம்? டின்ஹாம் பாலத்தைக் கடந்து விட்கிளிஃப் மேட்டில் ஏறினால் ஊர் முழுவதும் கண்முன் விரியும். ரயிலில் அடுத்த நிறுத்தம் கிரேவன் ஆர்ம்ஸ், அங்கிருந்து நடக்கும் தொலைவில் ஸ்டோக்சே. 13ஆம் நூற்றாண்டில் லட்லோவைச் சேர்ந்த கம்பளி வியாபாரி ஒருவர் கட்டிய கோட்டை வீடு அது, கூடத்தின் மரக்கூரை இன்னும் நிற்கிறது. அதற்கடுத்த நிறுத்தம் சர்ச் ஸ்ட்ரெட்டன். இறங்கி நடந்தே கார்டிங் மில் பள்ளத்தாக்குக்குப் போய், 516 மீட்டர் உயர லாங் மிண்ட் மேல் ஏறலாம். நல்ல மலைதான், ஆனால் "அடேயப்பா" என்று வாய் பிளக்க வைக்காது. அதற்கு ஸ்கிப்டன் போக வேண்டும்.

ஸ்கிப்டனை யார்க்‌ஷயர் டேல்ஸ் என்ற பள்ளத்தாக்குப் பகுதியின் வாசல் என்பார்கள், அது சரியான பேச்சு. ஊர் நன்றாக இருக்கிறது, ஆனால் அரை நாளில் முடிந்துவிடும். 1204இல் ஜான் அரசர் கொடுத்த சாசனத்தின் வழியில் அகலமான ஹை ஸ்ட்ரீட்டின் இரு பக்கமும் கடை போடுகிறார்கள். காலுறை, செடி, சீஸ், செல்போன் உறை எல்லாம் கலந்துதான் இருக்கும். சுற்றுலாக்காரர்களுக்காக மினுக்கி வைத்த சந்தை இல்லை, உள்ளூர் ஆள் காய்கறி வாங்கும் சந்தை. எனக்கு இது லட்லோ சந்தையைவிடப் பிடிக்கும்.

தெருவின் தலைமாட்டில் கோட்டை. லட்லோ கோட்டை வானம் பார்த்து நிற்க, இது கூரையோடு முழுசாக இருக்கிறது. அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மூன்று ஆண்டு முற்றுகையைத் தாங்கி 1645 டிசம்பரில்தான் பணிந்தது. பிறகு கூரையைப் பிரித்துப் போட்டார்கள். கோட்டைக்குச் சொந்தக்காரரான லேடி ஆன் கிளிஃபோர்ட் அதைத் திருப்பிக் கட்டினார், பீரங்கி ஏற்றினால் தாங்காத அளவுக்கு இலேசான கூரையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. உள் முற்றத்தில் அவர் 1659இல் நட்டதாகச் சொல்லும் யூ மரம் இன்னும் நிற்கிறது. கோட்டைக்குப் பின்னால் கால்வாயின் கிளை ஒன்று ஓடுகிறது. 127 மைல் நீளமுள்ள லீட்ஸ்–லிவர்பூல் கால்வாய் ஊருக்குள்ளேயே வருவதால், படகில் ஒரு சின்னச் சுற்று போய் வரலாம். நடக்க முடியாத பெரியவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

ஆனால் இங்கே வருவது வெளியே போகத்தான். ஸ்கிப்டனிலிருந்து சுமார் 11 மைலில் மால்ஹம். கிராமத்திலிருந்து ஆற்றோரம் நடந்தால் மால்ஹம் கோவ், 80 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக வளைந்து நிற்கும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. பனியுகம் முடிந்த காலத்தில் அதன் மேலிருந்து பெரிய அருவி கொட்டியது. இப்போது நீர் பாறைக்குள் இறங்கி அடியில் வெளியே வருகிறது. 2015 டிசம்பர் புயல் மழையில் மட்டும் கொஞ்ச நேரம் மேலிருந்தே அருவியாக விழுந்தது, உயிரோடிருப்பவர் யாரும் அதற்குமுன் அதைப் பார்த்ததில்லை. பக்கவாட்டில் 400க்கு மேற்பட்ட படிகள் ஏறினால் உச்சியில் பாளம் பாளமாகப் பிளந்த பாறைத்தளம். குனிந்து ஒரு பிளவுக்குள் பார்த்தால் முழங்கை ஆழத்தில் வெயிலும் காற்றும் படாமல் பெரணி முளைத்திருக்கும். மழை நின்ற உடனே அந்தப் பாறை எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும், நல்ல ஷூ இல்லாமல் ஏறாதீர்கள்.

இன்னொரு பக்கம் போல்டன் ஆபி. 1154இல் துறவிகள் வந்து அமைத்த மடத்தின் இடிபாடு, வார்ஃப் ஆற்றைக் கடக்கப் படிக்கற்கள், குழந்தைகள் விளையாட மணல் கரை. அதே ஆறு கொஞ்சம் மேலே ஸ்ட்ரிட் என்ற இடத்தில் பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிப் போகிறது. தாண்டிவிடலாம் போலத்தான் தெரியும். விழுந்தவர்கள் செத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் கையை அங்கே விடவே கூடாது.

மூன்றாவது வழி ரயில். லீட்ஸிலிருந்து கார்லைல் போகும் வண்டி ஸ்கிப்டனில் நிற்கும். செட்டில் என்ற ஊரைத் தாண்டினால் ரிபிள்ஹெட் பாலம், 24 வளைவுகள், சுற்றிலும் ஆளரவமற்ற மேட்டு நிலம். 1980களில் இந்தப் பாதையை மூடப் பார்த்தார்கள், மக்கள் போராடி 1989இல் காப்பாற்றினார்கள். பாலத்தை ரயிலுக்குள்ளிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரிபிள்ஹெட்டில் இறங்கி நடந்து போய்க் கீழிருந்து பார்க்க வேண்டும். திரும்பும் வண்டி நேரத்தைக் குறித்துக்கொண்டு இறங்குங்கள், அடிக்கடி வண்டி கிடையாது.

பேக்வெல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1951இல் அறிவித்த பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா பீக் டிஸ்ட்ரிக்ட். அதற்குள் இருக்கும் ஒரே சந்தை ஊர் இது. திங்கட்கிழமை சந்தை, அன்றே ஆட்டுமாட்டு ஏலமும். வேறு கிழமையில் போனால் பாதி ஊரைத்தான் பார்க்கிறீர்கள். ஞாயிறு போய்த் திங்கள் இருந்துவிட்டு வருவது புத்திசாலித்தனம், லீவு போட முடிந்தால். ஏலக் கூடத்தில் ஏலம் விடுபவர் பேசும் வேகம் நமக்கு ஒரு வார்த்தையும் பிடிபடாது. வாங்குகிறவர் புருவத்தை அசைத்தாலே விலை ஏறும், நீங்கள் மூக்கைச் சொறியாமல் இருப்பது நல்லது.

வை ஆற்றின் மேல் 1300 வாக்கில் கட்டிய ஐந்து வளைவுக் கல் பாலம், கரையில் சமதளமான நடை, வாத்துகள். அப்புறம் பேக்வெல் புட்டிங். பல அடுக்கு மாவுத்தட்டில் ஜாம், அதன் மேல் முட்டையும் பாதாமும் கலந்த கலவை. சமையலறையில் நடந்த தவறில் பிறந்தது என்ற கதையை எல்லாக் கடைக்காரரும் சொல்வார்கள், எங்களுடையதுதான் அசல் என்றும் எல்லாருமே சொல்வார்கள். ஒன்று வாங்கி நாலு பேர் பங்கிட்டால் போதும், அவ்வளவு இனிப்பு.

பேக்வெலுக்கு வரும் கூட்டத்தில் பாதி சாட்ஸ்வொர்த் மாளிகைக்காக வருவது. டெவன்ஷயர் டியூக்குகளின் வீடு, பிரம்மாண்டம், டிக்கெட் விலையும் அப்படியே. மாளிகைக்குள் போகாமல் பூங்காவில் நடக்கக் காசு வேண்டாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பக்கத்து எடென்சர் கிராமத்தை, மாளிகையிலிருந்து பார்க்கும்போது கண்ணை உறுத்துகிறது என்று 19ஆம் நூற்றாண்டில் ஒரு டியூக் நகர்த்தியே வைத்தார், ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு பாணியில். அங்குள்ள தேவாலயக் கல்லறையில் அமெரிக்க அதிபர் கென்னடியின் தங்கை கேத்லீன் அடக்கமாகியிருக்கிறார். 1963 ஜூனில் கென்னடி அங்கே வந்து போனார். எனக்கு சாட்ஸ்வொர்த்தைவிட, பக்கத்திலேயே இருக்கும் ஹேடன் ஹால் என்ற பழைய மாளிகை பிடிக்கும். 1700க்குப் பிறகு சுமார் 200 ஆண்டு அதில் யாரும் குடியிருக்கவில்லை, அதனால் யாரும் நாகரிகத்துக்கு ஏற்ப மாற்றிக் கெடுக்கவும் இல்லை. குளிர்காலத்தில் பெரும்பாலும் மூடியிருக்கும், பார்த்துவிட்டுப் போங்கள்.

வீல்சேரோ தள்ளுவண்டியோ வருகிறதா? அப்படியானால் பேக்வெல்தான். ரயில் நின்றுபோன பழைய பாதையை மொன்சல் டிரெயில் என்று எட்டரை மைல் நடைபாதையாக்கியிருக்கிறார்கள். பழைய சுரங்கங்களை 2011இல் விளக்கு போட்டுத் திறந்தார்கள். ரயிலுக்காகச் சமன் செய்த பாதை என்பதால் ஏற்ற இறக்கமே தெரியாது, ஆனால் பள்ளத்தாக்கின் மேல் உயரமான பாலத்தில் நடக்கும் காட்சி கிடைக்கும். ஸ்கிப்டன் கோட்டையில் திருகுப் படிகள் இருக்கின்றன. லட்லோவில் ஸ்டேஷனிலிருந்தே ஏற்றம். முட்டி வலி உள்ள அம்மா அப்பாவோடு போகிறவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

இனி கார் விஷயம். ரயில் போனதால் பேக்வெலுக்கு வந்த நன்மை அந்த நடைபாதை, தீமை காரில்லாமல் போவது தலைவலி. ஷெஃபீல்டு, செஸ்டர்ஃபீல்டு, டெர்பி எதிலாவது இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். காரில் லண்டனிலிருந்து எம்1 நெடுஞ்சாலை வழியாக மூன்றரை மணி நேரம் ஆகும், ஆனால் வெயில் அடிக்கும் சனி, ஞாயிறில் ஊருக்குள் காரை நிறுத்த இடம் தேடியே காலை போய்விடும். லட்லோவுக்கும் ஸ்கிப்டனுக்கும் ரயில் உண்டு. லண்டனிலிருந்து இரண்டுக்கும் பெரும்பாலும் வண்டி மாற வேண்டும், மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். மான்செஸ்டரிலிருந்து லட்லோவுக்கு நேரடி வண்டி, லீட்ஸிலிருந்து ஸ்கிப்டனுக்கு முக்கால் மணி. லட்லோவில் ஊரும் ரயில் நிறுத்தங்களும் போதும் என்பதால் காரை மறந்தே விடலாம். ஸ்கிப்டனில் ரிபிள்ஹெட் வரை ரயில் போதும், ஆனால் மால்ஹமுக்குப் பஸ் மிகக் குறைவு. அந்த ஒரு நாளுக்கு மட்டும் டாக்ஸி பேசிக்கொள்வது மேல்.

பணத்தில் பலர் கவனிக்காத ஒன்று. பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட், இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்புகளின் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்கள் எல்லாம் இலவசம் என்று நினைத்துப் போவார்கள். லட்லோ கோட்டை, ஸ்கிப்டன் கோட்டை, ஹேடன், சாட்ஸ்வொர்த், போல்டன் ஆபி எதிலும் அந்த அட்டை செல்லாது, எல்லாம் தனியார் குடும்பங்களோ அவர்களின் அறக்கட்டளைகளோ நடத்துவது. ஸ்டோக்சேயில் மட்டும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அட்டை எடுக்கும், கார்டிங் மில் கார் பார்க்கிங்கில் நேஷனல் டிரஸ்ட் அட்டை எடுக்கும். குழந்தைகளோடு ரயிலில் போனால் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு வாங்குங்கள். பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் குறையும், முதல் பயணத்திலேயே அட்டைக் காசு திரும்பிவிடும்.

மழை பெய்தால்? பெய்யும். ஸ்கிப்டனில் கோட்டைக்குள்ளும் ரயிலுக்குள்ளும் பொழுது போகும், மால்ஹம் போனதற்குத்தான் வருத்தப்படுவீர்கள். பேக்வெலில் இரண்டு மாளிகைகள் கைகொடுக்கும். லட்லோவில் தேவாலயமும் கடைகளும் ஒரு பகல் தாங்கும்.

என் தேர்வைக் கேட்டால்: கணவன் மனைவி மட்டும், கார் வேண்டாம், நல்ல சாப்பாடு வேண்டும் என்றால் லட்லோ. வளர்ந்த பிள்ளைகள், நடக்கத் தெம்பு, படம் எடுக்கும் ஆசை இருந்தால் ஸ்கிப்டன், அதுவும் மே, ஜூனில். மூன்று தலைமுறை ஒரே காரில் என்றால் பேக்வெல். லட்லோவிலும் ஸ்கிப்டனிலும் திங்கள், புதன், வெள்ளி, சனி சந்தை உண்டு, ஆகவே வெள்ளி மதியம் போய்ச் சேர்ந்தால் கிழமையைப் பற்றிக் கவலையில்லை. எந்த ஊருக்குப் போனாலும் வயல் வழியாகப் போகும் பொதுப்பாதைகளில் தயங்காமல் நடங்கள், தனியார் நிலமாக இருந்தாலும் நடக்கச் சட்டப்படி உரிமை உண்டு. நீங்கள் திறந்த கேட்டை மட்டும் மூடிவிட்டுப் போக வேண்டும். லட்லோ முடிவானால், செப்டம்பர் உணவுத் திருவிழா நாட்களைப் பார்த்துவிட்டு அறை போடுங்கள். விழாவுக்கே போகிறவர்கள் பல மாதம் முன்னாலேயே பதிவு செய்ய வேண்டும், மற்றவர்கள் ஒரு வாரம் தள்ளிப் போனால் அதே ஊர் அமைதியாகவும் மலிவாகவும் கிடைக்கும்.